கதிரேசன் பெயருக்குக் கீழே ஒரு வரி

நீங்கள் அனுப்பிய வரைபடங்களைப் போன வாரம் முழுவதும் பார்த்தேன். இசைக்கலைஞர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்துச் சேர்ந்து வாசிக்க ஓர் இணையத்தளம். நன்றாகவே செய்திருக்கிறீர்கள். வயலின் வாசிக்கும் ஒருவர் சிங்கப்பூரின் கிழக்கே தெம்பனிஸில் உட்கார்ந்துகொண்டு மேற்கே சுவா சூ காங்கில் இருக்கும் பாடகரைத் தேடிப் பிடித்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு கலைஞரின் பெயருக்குக் கீழேயும் நட்சத்திரங்களும் "உங்கள் கருத்து" என்று ஒரு கட்டமும் இருந்தன. அதைப் பார்த்ததும் கையில் இருந்த கோப்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

நானும் ஒருமுறை அப்படியொரு கட்டம் வைத்தவள்தான். உங்களில் பாதிப் பேர் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் கணினித் துறையில் இருந்தேன். சம்பளப் பட்டியல், கிடங்குக் கணக்கு, பள்ளிக்கூட நேர அட்டவணை என்று என்னென்னவோ எழுதினேன். அவையெல்லாம் ஓடின, பிறகு நின்றன, யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. நினைவில் நிற்பது ஒன்றுதான். அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. இருந்தாலும் நீங்கள் கட்டப்போவது கிட்டத்தட்ட அதே பொருள் என்பதால் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தெட்டு வயது. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சின்னத் தெருவில், ஒரு சேலைக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். பாஸையும் சேர்த்து ஐந்து பேர். பக்கத்து மில்லில் மிளகாய் அரைக்க ஆரம்பித்தால் ஐந்து பேரும் ஒன்றாகத் தும்முவோம். கணினிக்கு மட்டும் ஒன்றும் ஆகாது.

அந்தக் காலத்தில் நம் ஊர் இசைக்கலைஞர்களுக்கு நல்ல நேரம் இல்லை. ஹோட்டல்கள் பேண்டுகளைக் குறைத்துவிட்டு ஒலிநாடா போட ஆரம்பித்திருந்தன. பகலில் தொழிற்சாலையிலோ கப்பல் பட்டறையிலோ வேலை, கூப்பிட்டால் மாலையில் வாசிப்பு என்றுதான் பலரும் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. தமிழர், சீனர், மலாய்க்காரர், ஐரோப்பியக் கலப்பினரான யுரேஷியர் எல்லாரும் அதில் உறுப்பினர்கள். சங்கத்தின் உயிர் ஒரு தொலைபேசியில் இருந்தது. அந்தத் தொலைபேசிக்கு முன்னால் ஓர் அக்கா இருந்தார். தன் பெயரை எங்கேயும் போடக்கூடாது என்று பிற்பாடு என்னிடம் கேட்டுக்கொண்டவர் என்பதால் அக்கா என்றே சொல்கிறேன்.

பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்றில் அட்டைகளாக எல்லாக் கலைஞர்களையும் வைத்திருந்தார். "சனிக்கிழமைக்கு ஒரு கிட்டார் வேண்டும்" என்று ஹோட்டலிலிருந்து அழைப்பு வரும். அக்கா இரண்டு பேருக்குப் போன் போடுவார். வேலை முடிந்துவிடும். ஆனால் அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போனால் சிங்கப்பூரில் யாருக்கும் கிட்டார் கிடைக்காது. சங்கத் தலைவர் எங்களிடம் வந்தது அதனால்தான்.

நாங்கள் செய்தது இதுதான். சங்கத்தில் ஒரு கணினி. அதைத் தொலைபேசிக் கம்பியில் இணைத்தோம். கணினி வைத்திருக்கும் ஹோட்டலோ கிளப்போ அந்த எண்ணை டயல் செய்து, கலைஞர்களின் பக்கங்களைத் தங்கள் திரையிலேயே பார்த்துச் செய்தி விடலாம். கணினி இல்லாத கலைஞர்களுக்காகச் சிராங்கூன் சாலையில் ஓர் இசைக்கருவிக் கடையில் ஒரு திரையும் பிரிண்டரும் வைத்தோம். தங்களுக்கு வந்த செய்தியை அங்கே ஒரு துண்டுத் தாளில் அச்சடித்து வாங்கிக்கொண்டு போகலாம். அமெரிக்காவில் எழுதப்பட்ட ஒரு மென்பொருளை வாங்கி, நம் தேவைக்கு ஏற்ப மாற்றியவள் நான். இன்று நீங்கள் ஆன்லைன் என்கிறீர்கள். அன்று நாங்கள் "டயல் பண்ணிப் பாரு" என்போம்.

முதல் தவறு சிரித்துவிட்டுத் திருத்தக்கூடியதாக இருந்தது. ஒருவருக்கு ஒரு கருவி என்று வைத்திருந்தேன். தொடங்கிய வாரமே கடைக்கு ஒருவர் வந்தார். ஞாயிறு காலை எங்கள் தேவாலயத்தில் ஆர்கன், வெள்ளி மாலை கோயில் பஜனையில் ஹார்மோனியம், கல்யாண வரவேற்புகளில் கீபோர்டு வாசிப்பவர். திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மிஸ், இதுல ஒரு ஆளுதான் போட முடியும்னா, மத்த ரெண்டு பேர நான் எங்க கொண்டு வைக்கிறது?"

அன்றைக்கே ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு வரி கொடுத்தேன். என்ன வேண்டுமானாலும் எழுதலாம். திரையில் தமிழ் வராது, ஆங்கில எழுத்துதான். ஆனாலும் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து எழுதித் தள்ளினார்கள். ஒருவர் "சனிக்கிழமை மட்டும், மனைவி ஓகே சொன்னால்" என்று எழுதினார். வீணை வாசிக்கும் ஓர் அம்மா "ஐம்பது பேருக்குச் சமைக்கவும் தெரியும்" என்று சேர்த்துக்கொண்டார். அந்த வரிகளைப் படிப்பதற்காகவே சிலர் கடைக்கு வந்தார்கள்.

அந்த வரவேற்பு என் தலைக்கு ஏறியது. கலைஞர் தன்னைப் பற்றி எழுதலாம் என்றால், கூப்பிட்டவரும் கலைஞரைப் பற்றி எழுதட்டுமே என்று தோன்றியது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூப்பிட்டவர்களுக்கு ஒரு வரி வைத்தேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. முழுக்க என் யோசனை. சங்கத் தலைவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அக்கா மட்டும் என் பக்கத்தில் வந்து நின்று கேட்டார்.

"இத யாரு பார்ப்பா, ஸ்டெல்லா?"

"கூப்பிடுற ஹோட்டல்காரங்க எல்லாரும் பார்ப்பாங்கக்கா."

"அந்த ஆளு பார்ப்பாரா? யாரப் பத்தி எழுதியிருக்கோ அவரு?"

"கடைக்கு வந்து கேட்டா காட்டுவாங்க."

"கேட்டாத்தானா?"

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அறையில் ஒருவர் கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆனது.

அடுத்ததாக நான் செய்ததுதான் பெரிய தவறு. தொடக்க மாதங்களில், திரை வழியாக ஓர் ஏற்பாடு நடந்தாலும், அக்கா இரண்டு பக்கமும் போன் போட்டு நாளையும் நேரத்தையும் உறுதி செய்துகொண்டிருந்தார். எனக்கு அது குறையாகப் பட்டது. "அக்கா போன் பண்ணிக்கொண்டே இருந்தால் கணினி தானாக வேலை செய்கிறதா என்பது நமக்குத் தெரியவே தெரியாது" என்று சங்கக் கூட்டத்தில் பேசினேன். சரியான வாதம் மாதிரிதான் இருந்தது. அக்காவின் போன்கள் நிறுத்தப்பட்டன. அவருக்குக் கடிதங்கள் கோக்கும் வேலை தரப்பட்டது.

பல மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை. எங்களுக்கு அன்று அரைநாள் வேலை. கிளம்பலாம் என்று பையை எடுக்கும்போது படியேறி ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. வாசலிலேயே நின்றுகொண்டார்.

"மிஸ் ஸ்டெல்லா யாரு?"

"நான்தான். உள்ள வாங்க."

"என் பேரு கதிரேசன். பூன் லேலேர்ந்து வரேன். ஷிப்யார்டுல வேலை, தபேலா வாசிப்பேன். என் பேரு உங்க கம்ப்யூட்டர்ல இருக்கான்னு பார்க்கணும்."

"கண்டிப்பா இருக்கும்ண்ணே. ஏன் கேக்குறீங்க?"

"மாசத்துக்கு மூணு நாலு புரோகிராமுக்குக் கூப்பிடுவாங்க. இப்ப நாலு மாசமா ஒண்ணுமே இல்ல. கடையில கேட்டா மெசேஜ் இல்லங்கிறாங்க. ஒருவேளை பேரு விட்டுப்போச்சோன்னு நினைச்சேன்."

தீவின் மேற்குக் கோடியில் இருக்கும் பூன் லேயிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். எனக்கு உற்சாகமாகிவிட்டது. நான் செய்த பொருளை, அதைப் பயன்படுத்துகிறவருக்கே காட்டுவது என்றால் சும்மாவா? ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். சங்கத்தின் எண்ணை டயல் செய்தேன். அவர் பெயரை அடித்துவிட்டுத் திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

அந்த நாள் இணைப்பில் பக்கம் சட்டென்று வந்து நிற்காது. பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வரும். முதலில் பெயர் வந்தது. பிறகு தபேலா, டோலக். பிறகு அவருடைய சொந்த வரி, "ஷிஃப்ட் இல்லாத நாள் எப்போது கூப்பிட்டாலும் வருவேன்." பார்த்து லேசாகச் சிரித்தார். அதற்குக் கீழே, கூப்பிட்டவர்களுக்கான வரி வர ஆரம்பித்தது. ஒரு ஹோட்டலிலிருந்து எழுதியிருந்தார்கள். முதல் இரண்டு சொல்லிலேயே எனக்கு விளங்கிவிட்டது. திரையைத் திருப்பிக்கொள்ள நேரம் இருந்தது. நான் திருப்பவில்லை.

டிட் நாட் டர்ன் அப். நோ கால். அவாய்ட்.

ஆள் வரவில்லை, போனும் இல்லை, தவிர்க்கவும் என்று அர்த்தம். அவர் ஆங்கிலத்தை மெதுவாகப் படிப்பவர். உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். கடைசிச் சொல்லில் நின்றார்.

"அவாய்ட். எங்க யார்டுல கிரேனுக்குக் கீழ எழுதியிருப்பாங்க, இங்க நிக்கறத அவாய்ட் பண்ணுங்கன்னு. அந்த அவாய்ட் தானே, மிஸ்?"

"ஆமாண்ணே" என்றேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்தார். அதிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்து நீவிவிட்டார். எங்கள் கடைப் பிரிண்டரில் அச்சடித்தது. ஹோட்டலின் பெயர், மாலை ஏழு மணி, தபேலா, தேதி.

"நான் போனேனே, மிஸ். பாருங்க, அஞ்சாம் தேதி, ஆறாம் மாசம். ஷிஃப்ட் மாத்திக்கிட்டு, பச்சை ஜிப்பா போட்டுக்கிட்டு, டாக்ஸியில தபேலாவ மடியில வச்சுக்கிட்டுப் போனேன். இன்னிக்கு இங்க ஒண்ணுமே இல்லன்னுட்டாங்க. ஒரு மணி நேரம் இருந்து பார்த்தேன். கேன்சல் ஆயிடுச்சு போல, பெரிய இடம், நமக்கு யாரு சொல்லப்போறாங்கன்னு வந்துட்டேன்."

தாளைப் பார்த்தேன். ஐந்து, ஒரு கோடு, ஆறு.

நாம் தேதியில் நாளின் எண்ணை முதலில் எழுதுவோம், அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள், நான் வாங்கிய மென்பொருளும் அப்படித்தான். ஹோட்டலில் செய்தி போடும் திரையில் மாதம் முதலில் என்று குறிப்பு இருந்தது. அங்கே செய்தி போட்ட பெண் சரியாகத்தான் போட்டிருந்தார், மே மாதம் ஆறாம் தேதி. ஆனால் கடையில் அச்சான தாளில் அந்தக் குறிப்பு இல்லை. வெறும் எண்கள். கதிரேசன் ஜூன் ஐந்தாம் தேதி என்று படித்தார். சிங்கப்பூரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் படித்திருப்பார்கள். அவர் ஜிப்பா போட்டுக்கொண்டு போவதற்கு ஒரு மாதம் முன்பே அந்த விருந்து தபேலா இல்லாமல் நடந்து முடிந்திருந்தது. "அவாய்ட்" என்ற சொல்லும் திரையில் ஏறியிருந்தது.

நான் சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். நூறு தடவை சோதித்தேன். சோதிக்கும்போதெல்லாம் நான் போட்ட தேதி கிறிஸ்துமஸ். பன்னிரண்டு, இருபத்தைந்து. அதை யாராலும் வேறொரு நாளாகப் படிக்க முடியாது. மற்ற ஏற்பாடுகளில் இந்தக் கோளாறு முன்பே வந்திருக்கலாம். தொடக்கத்தில் அக்காவின் போன்கள் அதைச் சரிசெய்திருக்கும். அந்தப் போன்களை நிறுத்தியவளும் நான்தான்.

எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன். "தப்பு உங்க மேல இல்லண்ணே. என் மேல. இப்பவே இத அழிச்சிடறேன்" என்று விசைப்பலகையில் கை வைத்தேன்.

"அழிக்காதீங்க" என்றார்.

"ஏண்ணே?"

"பார்த்தவங்க பார்த்துட்டாங்க. இப்ப அழிச்சா, யாரையோ புடிச்சு அழிக்க வச்சிட்டான்னு சொல்வாங்க. இல்லன்னா, எதுக்குன்னே மறந்துடுவாங்க, ஆனா கூப்பிட மாட்டாங்க. நான் ஏன் வரலன்னு எழுதுங்க. யாரு தப்புன்னும் எழுதுங்க."

"எழுதறேன்" என்றேன். சொல்வது சுலபமாக இருந்தது. பாஸ் அப்போது அலுவலகத்தில் இல்லை.

திங்கட்கிழமை பாஸிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, இதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். சில சமூக மன்றங்கள் சேர்ந்து, இதே மாதிரி ஓர் ஏற்பாட்டைத் தங்களுக்கும் செய்து தரக் கேட்டிருந்தன. அந்த வியாழக்கிழமை அவர்கள் நேரில் பார்க்க வருவதாக இருந்தது. எங்கள் ஐந்து பேரின் வேலையும் அதை நம்பித்தான் இருந்தது.

"தேதிய இன்னிக்கே சரி பண்ணிடு. அந்த வரிய எடுத்துடு" என்றார் பாஸ். "அவருக்கு நானே ரெண்டு மூணு புரோகிராம் பேசிக் கொடுக்கறேன். எல்லாருக்கும் நல்லதுதானே லா?"

"எழுதறேன்னு அவருக்குச் சொல்லிட்டேன், சார்."

"எழுது. வேணாங்கல. வியாழக்கிழமைக்கு அப்புறம் எழுது. மூணே நாள். நாலு மாசம் போயிடுச்சு, மூணு நாள்ல என்ன ஆயிடும், ஸ்டெல்லா?"

உங்களுக்கும் இந்த மூன்று நாள் வரும். யாரும் உங்களிடம் வந்து பொய் சொல் என்று கேட்க மாட்டார்கள். கொஞ்சம் பொறுத்துச் சொல் என்றுதான் கேட்பார்கள். அது நியாயமாகவும் இருக்கும். அன்று எனக்கு நியாயமாகத்தான் பட்டது. சரி என்று சொல்லப்போனேன். ஆனால் யோசித்துச் சொல்கிறேன் என்றுவிட்டுச் சங்கத்துக்கு நடந்தேன்.

அக்கா கடிதங்களுக்கு நடுவில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். "நான் அப்பவே கேட்டேனே" என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"அந்தாளு பக்கத்த யாரு யாரு பார்த்தாங்கன்னு உன் மெஷினுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

தெரியும். யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்பது பதிவாகியிருந்தது. அச்சடித்துப் பார்த்தோம். அந்த வரி ஏறிய பிறகு பதினோரு இடங்களிலிருந்து கதிரேசனின் பக்கத்தைத் திறந்திருந்தார்கள். பதினோரு பேரும் படித்துவிட்டு மூடியிருந்தார்கள்.

"என்கிட்டயும் கம்ப்ளைன்ட் வரும், ஸ்டெல்லா" என்றார் அக்கா. "குடிச்சிட்டு வந்தான், லேட்டா வந்தான், வரவே இல்லன்னு. நான் அத யாருக்கும் சொல்றதுக்கு முன்னாடி அந்தாளுக்குப் போன் போட்டு என்னா ஆச்சுன்னு கேப்பேன். பாதிக் கதை அங்கதான் இருக்கும். சில பேரு நெசமாவே குடிச்சிட்டுத்தான் போயிருப்பான். அதையும் அவன் வாயாலயே கேட்டுக்குவேன்."

தொலைபேசியை என் பக்கம் நகர்த்தினார். "பதினோரு பேருக்கும் நீயே பேசு. எடுத்தவுடனே சாரி சொல்லாத. சாரின்னா இட்ஸ் ஓகேன்னு வச்சிடுவாங்க. என்ன நடந்துச்சுன்னு முதல்ல சொல்லு. சாரி கடைசில."

அன்றும் மறுநாளுமாகப் பதினோரு பேருக்கும் பேசினேன். சிலர் அவசரமாக இருந்தார்கள். ஒருவருக்குக் கதிரேசன் யார் என்றே நினைவில்லை, "அவாய்ட்" மட்டும் நினைவிருந்தது. அந்த வரியை எழுதிய ஹோட்டல் பெண்ணிடம்தான் கடைசியாகப் பேசினேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, "ஜூன் ஐந்தாம் தேதி மாலை நான் மேலேதான் வேலையில் இருந்தேன். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இறங்கி வந்திருப்பேன்" என்றார் ஆங்கிலத்தில்.

செவ்வாய்க்கிழமை மதியம் பாஸிடம் போய், வியாழன் வரை காத்திருக்க முடியாது என்றேன். காரணம் கேட்டார். "பன்னிரண்டாவது ஆளு இன்னிக்குத் திறந்து பார்க்கலாம், சார்" என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். செய்யாதே என்று சொல்லவில்லை. நான் உட்கார்ந்து எழுதினேன். ஹோட்டலின் வரியை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே நான்கு வரி. கணினி தேதியைத் தவறாகப் புரியும்படி அச்சடித்தது, கலைஞர் மீது தவறில்லை, தனக்குக் கொடுக்கப்பட்ட நாளில் அவர் உடையணிந்து வந்து ஒரு மணி நேரம் காத்திருந்தார், இந்தத் தவறு என்னுடையது. அடியில் என் முழுப்பெயர்.

வியாழக்கிழமை சமூக மன்றங்களிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். பாஸ் கிட்டார், வயலின் என்று காட்டிக்கொண்டே போனார். எல்லாம் நன்றாகத்தான் போனது. முடிக்கும் நேரத்தில், அவர்களில் மூத்தவரான ஒரு சீனர், "தீபாவளி நிகழ்ச்சிக்குத் தபேலா கிடைக்குமா, பாருங்கள்" என்றார். எங்களிடம் தபேலா என்று இருந்தவர்கள் மூன்று பேர். அகர வரிசையில் கதிரேசன்தான் முதலில் வந்தார்.

பச்சை எழுத்துகள் ஊர்ந்தன. எல்லாரும் படித்தார்கள். அந்த மனிதர் என் பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டு, இது யார் என்றார். நான்தான் என்றேன்.

"இதே மாதிரி இன்னும் எத்தனை தவறு இருக்கிறது?"

"தெரியவில்லை. பழைய செய்திகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாதிதான் முடிந்திருக்கிறது."

அவர் தலையாட்டினார். எல்லாரும் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். உண்மையைச் சொன்னதால் அந்த வேலை எங்களுக்கே கிடைத்தது என்று உங்களிடம் சொல்ல எனக்கும் ஆசைதான். கிடைக்கவில்லை. பாஸ் என்னைத் திட்டவில்லை. இரண்டு வாரத்துக்கு குட் மார்னிங் மட்டும் சொன்னார். அது திட்டியதைவிட அதிகமாக உறைத்தது. நான்தான் எல்லார் வேலைக்கும் ஆபத்து வைத்துவிட்டேனோ என்று சக ஊழியர்களின் முகத்தைப் பார்க்கக் கூசியது. வேறொரு வாடிக்கையாளர் வந்தபிறகுதான் அலுவலகத்தில் மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

பழைய செய்திகளைத் தேடியதில் இன்னும் இருவர் இதே மாதிரி நாள் மாறிப் போயிருந்தது தெரிந்தது. அவர்களைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை, அவ்வளவுதான் அதிர்ஷ்டம். இரண்டு பேருக்கும் போன் செய்தேன். சாரி கடைசியில்.

கதிரேசனுக்கு என்ன ஆனது என்றுதானே கேட்கிறீர்கள்? மூன்று வாரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பதினோரு பேரில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. நான் தினமும் பதிவைத் திறந்து பார்ப்பேன். பிறகு ஒரு நாள் அக்காவின் போன் வந்தது. கேலாங் சிராயிலிருந்து அக்கார்டியன் வாசிக்கும் ஒரு மலாய்க்காரர் சங்கத்துக்குப் பேசியிருக்கிறார். இசைக்கருவிக் கடையில் பொழுதுபோக்காகப் பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தபோது என் நான்கு வரி அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

"என்ன சொன்னாரு தெரியுமா?" என்றார் அக்கா. "நிகழ்ச்சியே இல்லாத இடத்துல ஒரு மணி நேரம் நின்ன ஆளு நம்பர் எனக்கு வேணும். என் ஆளுங்க நிகழ்ச்சி இருக்கிற இடத்துலயே பத்து நிமிஷம் நிக்க மாட்டேங்கிறாங்கன்னு சொல்றாரு."

கதிரேசனும் அவரும் பல வருடம் சேர்ந்து வாசித்தார்கள். தெம்பனிஸில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்த ஒரு மலாய்க் கல்யாணத்தில், ஒரு ஞாயிறு பிற்பகல், நானே கேட்டேன். அக்கார்டியன் இழுத்து இழுத்துப் பாட, தபேலா அதைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போவதைப் போல இருந்தது. பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட மறந்து நின்றவர்களில் நானும் ஒருத்தி. கேட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றும் தோன்றியது. அன்று நான் அந்த வரியை அழித்திருந்தால், பாஸ் இவருக்கு இரண்டு மூன்று நிகழ்ச்சி வாங்கிக் கொடுத்திருப்பார். இந்தச் சத்தம் பிறந்திருக்காது.

மென்பொருளில் நான் மாற்றியவை கொஞ்சம்தான். மாதத்தை எண்ணாக இல்லாமல் பெயராக எழுத வைத்தேன். அக்காவின் போன்களைத் திரும்பக் கொண்டுவரும்படி சங்கக் கூட்டத்தில் நானே எழுந்து கேட்டேன், முன்பு நான் பேசியது தவறு என்றும் சொன்னேன். யாரைப் பற்றி யார் என்ன எழுதினாலும், அது முதலில் அக்காவிடம் வரும். அக்கா சம்பந்தப்பட்ட கலைஞருக்குப் போன் செய்து படித்துக் காட்டுவார். அவர் பதில் சொன்னபிறகு, இரண்டும் சேர்ந்துதான் திரையில் ஏறும். நீங்கள் இதைச் செய்தால் தளம் மெதுவாகும் என்று உங்கள் மேலாளர் சொல்லுவார். ஆமாம், மெதுவாகும். மெதுவாகட்டும். ஒரு மனிதரைப் பற்றிய வாக்கியம் ஊரெல்லாம் போவதற்கு முன்னால் அவர் வீட்டுக்கு ஒருமுறை போய் வரட்டும்.

இன்னொன்றும் செய்தேன். கூப்பிட்டவர்கள் கலைஞர்களைப் பற்றி எழுதலாம் என்றால், கலைஞர்களும் கூப்பிட்டவர்களைப் பற்றி எழுதலாம் என்று வைத்தேன். சங்கத் தலைவருக்கு அதில் பயம். ஹோட்டல்காரர்கள் கோபித்துக்கொண்டால் என்ன செய்வது என்றார். முதலில் யார் எழுதப்போகிறார்கள் என்று எல்லாரும் காத்திருந்தோம்.

முதலில் வந்தவர் கதிரேசன்தான். சனிக்கிழமை, அதே இஸ்திரி போட்ட சட்டை. அந்த ஹோட்டலைப் பற்றி எழுதவேண்டும், ஆங்கிலத்தில் நீங்களே அடித்துக் கொடுங்கள் என்றார். பாஸ் தன் மேசையிலிருந்து எங்களைப் பார்த்தார். நான் விரல்களை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு, அவர் என்ன சொன்னாலும் ஒரு சொல்கூட மாற்றாமல் அடிப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

"சொல்லுங்கண்ணே."

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"வாசல்ல இருக்கிற செக்யூரிட்டி நல்ல மனுஷன். அன்னிக்கு எனக்கு உக்கார நாற்காலி கொடுத்தார், தண்ணி கொடுத்தார். தபேலாவ தரையில வைக்க விடல, தன் மேசை மேல வச்சுக்கிட்டார்."

அடித்தேன். "அப்புறம்?"

"அவ்வளவுதான், மிஸ். வேற என்ன?"